டபுள் சம்பளம் யாருக்கும் வேண்டாம்!

டிஸ்கி: இது ஜாவா பற்றிய பதிவு. ஜாவா தெரியாதவர்கள் ஓட வேண்டாம், புரியும்படிதான் எழுதியிருக்கிறேன். சம்பளம் வாங்குகிறவர்கள் அவசியம் படிக்கவும். :-)

ஒரே ஒரு ரூபாயிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்க தெருவில் ஒரு அக்கா இருக்காங்க. ஒரகடம் சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஏஜென்சி மூலமாக கான்ட்ராக்ட் வேலை. (கம்பெனி பேரெல்லாம் வேண்டாம்.) மாசா மாசம் சம்பளச் சீட்டு ஃபோனுக்கு பி.டி.எஃப். ஆக வந்து விழும். எல்லாரும் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அக்கா அப்படி இல்லை. மளிகைக் கடை நோட்டையே வரிக்கு வரி கூட்டிப் பார்க்கிற ஆள். போன மாசம் ஃபோனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாங்க.

"தம்பி, நீ கம்ப்யூட்டர்தானே படிக்கிற? இதைக் கொஞ்சம் கூட்டிப் பாரு. எனக்கு ஒரு ரூபா இடிக்குது."

"ஒரு ரூபாதானேக்கா..."

"ஒரு ரூபாயே ஒழுங்கா வரலைன்னா மத்ததெல்லாம் சரியா இருக்குன்னு எப்படிப்பா நம்புறது?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. சீட்டில் இருந்தது இதுதான் (எண்களை மட்டும் மாற்றியிருக்கிறேன், கோளாறு அதேதான்):

மொத்த சம்பளம்: 14,570
பி.எஃப். பிடித்தம்: 1,252
இ.எஸ்.ஐ. பிடித்தம்: 109
கைக்கு வருவது: 13,208

கழித்துப் பாருங்கள். 13,209 வரும். சீட்டில் 13,208. ஒரு ரூபாய் எங்கே போனது?

அன்று ராத்திரி உட்கார்ந்து நானே ஒரு சின்ன ஜாவா ப்ரோகிராம் எழுதினேன். அடிப்படைச் சம்பளம் 10,437.50 (அரை நாள் லீவு, அதனால் அந்த ஐம்பது பைசா). ஓ.டி. முதலானவை 4,132.75. மொத்தம் 14,570.25. பி.எஃப். அடிப்படையில் 12 சதவீதம், அதாவது 1,252.50. இ.எஸ்.ஐ. மொத்தத்தில் 0.75 சதவீதம், அதாவது 109.276875. எல்லாவற்றையும் டபுளில் வைத்துக் கழித்தால் 13,208.473125. இதை அப்படியே 'டெசிமல்ஃபார்மேட்' என்கிற ஜாவா கிளாஸிடம் கொடுத்து, "புள்ளிக்குப் பின்னால் எதுவும் வேண்டாம், அழகாகக் காட்டு" என்றேன்.

14,570. 1,252. 109. 13,208. அச்சு அசலாக அக்காவின் சீட்டு!

அதாவது யாரும் திருடவில்லை. நாலு எண்ணையும் தனித்தனியாக அழகுபடுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். உள்ளே இருக்கிற கணக்கு ஒன்று, வெளியே காட்டுகிற கணக்கு ஒன்று.

சரி, அப்போ 13,209 தான் சரியா என்றால், அதுவும் இல்லை. இங்கேதான் எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

1952-ஆம் வருஷத்து பி.எஃப். திட்டத்தில் தெளிவாக எழுதிவைத்திருக்கிறார்கள்: கிட்டத்தில் உள்ள முழு ரூபாய்க்குக் கணக்கிடு, ஐம்பது பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் அடுத்த ரூபாய், அதற்குக் கீழே இருந்தால் விட்டுவிடு. ஆக 1,252.50 என்பது 1,253. இ.எஸ்.ஐ.க்கு 1950-ஆம் வருஷத்து மத்திய விதிகளில் வேறு கதை: எவ்வளவு சின்ன பின்னமாக இருந்தாலும் அடுத்த ரூபாய்க்கு ஏற்று. ஆக 109.276875 என்பது 110. இரண்டையும் பிடித்தால் கைக்கு 13,207.25.

பார்த்தீர்களா கூத்தை? அக்கா கூட்டினால் 13,209. சீட்டு சொல்வது 13,208. விதிப்படி 13,207.25. ஏஜென்சி முறையாகக் கட்டியிருந்தால் பி.எஃப். பாஸ்புக்கில் 1,253 என்று வந்திருக்கும், சீட்டிலோ 1,252. ஒரே ஆள், ஒரே மாசம், ஒன்றோடொன்று ஒட்டாத கணக்கு.

நிற்க. "ஒரு ரூபாய்க்கு இவ்வளவு பில்டப்பா" என்று கேட்பவர்களுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். பிரச்சினை அந்த ரூபாயின் மதிப்பில் இல்லை. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிறவருக்கு, தன்னிடம் பிடித்த பணம் உண்மையிலேயே பி.எஃப். கணக்கில் ஏறுகிறதா என்று சரிபார்க்க இருப்பது இரண்டே காகிதம். ஒன்று சம்பளச் சீட்டு, இன்னொன்று பாஸ்புக். இரண்டும் பைசா பிசகாமல் ஒட்டினால்தான், ஒட்டாத மாசத்தில் "ஏன்?" என்று கேட்க முடியும். மாசா மாசம் ஒன்று ரெண்டு ரூபாய் இடித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? "சிஸ்டம் அப்படித்தான் காட்டும்" என்பது பதிலாகிவிடும். நிஜமாகவே எவனாவது நானூறு ரூபாயை அமுக்கினாலும் அதே பதில்தான் கிடைக்கும். சின்னத் தப்பு பெரிய திருட்டுக்குக் குடை பிடிக்கும்.

ஆத்துல போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நாம் ஆற்றில் போடவில்லை, டபுளில் போடுகிறோம்.

* * *

இப்போ குற்றவாளிக் கூண்டுக்கு வருவோம். யார் இதை எழுதியது? எவனோ ஒரு கம்ப்யூட்டர் இன்ஜினியர். அவன் எங்கே கற்றான்? நாம் கற்கிற அதே இடத்தில்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷனிலும், அதன் பிறகு வந்த 2021 ரெகுலேஷனிலும் ஆப்ஜெக்ட் ஓரியன்டட் ப்ரோகிராமிங் லேப் எழுதியவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். எம்ப்ளாயீ என்று ஒரு கிளாஸ். அதிலிருந்து ப்ரோகிராமர், அசிஸ்டென்ட் ப்ரொஃபசர், அசோசியேட் ப்ரொஃபசர், ப்ரொஃபசர் என்று நாலு வாரிசு. அடிப்படைச் சம்பளத்தில் 97 சதவீதம் டி.ஏ., 10 சதவீதம் ஹெச்.ஆர்.ஏ., 12 சதவீதம் பி.எஃப்., 0.1 சதவீதம் ஸ்டாஃப் கிளப் ஃபண்ட். பே ஸ்லிப் அச்சடி. முடிந்தது.

நல்ல கணக்குதான், குறை சொல்ல மாட்டேன். டபுளில் எழுது என்று சிலபஸில் எங்கேயும் இல்லை. ஆனால் நான் பார்த்த அத்தனை ரெக்கார்டு நோட்டிலும், சீனியர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிவரும் மேனுவலிலும் சம்பளம் டபுள், இல்லையென்றால் ஃப்ளோட். இன்ஹெரிட்டன்ஸ் படம் அழகாக வரைகிறோம். வைவாவில் பாலிமார்ஃபிசம் என்றால் என்ன என்று கேட்கிறார்கள். 12 சதவீதத்தில் பைசா வந்தால் என்ன செய்வாய் என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை.

அப்படி என்ன தப்பு டபுளில்? கம்ப்யூட்டருக்கு இரண்டின் மடங்கில் போகிற பின்னம்தான் சுத்தமாகத் தெரியும். அரை, கால், அரைக்கால், மாகாணி... நம்ம தாத்தா காலத்து வாய்ப்பாடு! இவையெல்லாம் துல்லியமாக நிற்கும். அந்தக் கணக்கில் ஒரு அணா என்பது ரூபாயில் பதினாறில் ஒன்று, அதையும் அப்பழுக்கில்லாமல் வைத்துக்கொள்ளும். ஆனால் 1957 ஏப்ரல் 1-ல் இந்தியா அணாவை விட்டுவிட்டு நூறு பைசாவுக்கு மாறியது. பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்பதெல்லாம் இரண்டடிமானத்தில் முடிவே இல்லாமல் ஓடுகிற பின்னங்கள். எங்கேயாவது வெட்டித்தான் ஆகணும். அதனால்தான் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வருகிறது. 4.35 ரூபாயை நூறால் பெருக்கிப் பைசாவாக்கினால் 434.99999999999994 வரும். அதை முழு எண்ணாக வெட்டினால் 434 பைசா. ஒரு பைசா ஸ்வாஹா.

ஃப்ளோட் இன்னும் மோசம். 1,67,77,217 ரூபாயை ஃப்ளோட்டில் போட்டால் 1,67,77,216 ஆகிவிடும். இங்கே பைசா இல்லை, முழு ரூபாயே காணோம். ஒரு நடுத்தர கம்பெனியின் மாசச் சம்பளப் பட்டுவாடா இந்த அளவைச் சுலபமாகத் தாண்டும்.

"பதினாறாவது இலக்கத்துல வர்ற தப்பு யாருக்குடா தெரியப்போவுது" என்று ஒரு நண்பன் கேட்டான். சரி, நிஜ விகிதத்தை வைத்தே பார்ப்போம். 2019 ஜூன் வரை இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளியிடம் பிடித்தது 1.75 சதவீதம் (2019 ஜூலை 1 முதல் 0.75 ஆனது). 10,000 ரூபாய் சம்பளத்துக்கு எவ்வளவு? ஐந்தாம் வகுப்புப் பையன் சொல்வான், 175. ஜாவாவில் 10000-ஐ 0.0175-ஆல் பெருக்குங்கள். 175.00000000000003 வரும். இ.எஸ்.ஐ. விதி என்ன? பின்னம் இருந்தால் அடுத்த ரூபாய்க்கு ஏற்று. ஏற்றினால் 176!

பதினாறாவது இலக்கத்துத் தப்பு ஒரே தாவலில் ரூபாய் ஆகிவிட்டது. விதியை அப்படியே பின்பற்றிய ப்ரோகிராமர்தான் இதில் மாட்டுகிறார் என்பதுதான் உச்சகட்ட காமெடி. மூவாயிரம் பேர் வேலை பார்க்கிற இடத்தில், சம்பளம் இப்படி அமைந்த ஒவ்வொருவரிடமும் ஒரு ரூபாய் அதிகமாகப் பிடிக்கப்படும். பிடித்தவனுக்கும் தெரியாது, கொடுத்தவனுக்கும் தெரியாது.

இது கற்பனைக் கவலை என்பவர்கள் வான்கூவர் பங்குச் சந்தைக் கதையைப் படிக்கவும். 1982 ஜனவரியில் 1000 புள்ளியில் ஒரு குறியீட்டெண்ணை ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு முறை கணக்கிடும்போதும் மூன்றாம் தசமத்துக்குப் பின்னால் உள்ளதை ரவுண்ட் பண்ணாமல் வெட்டிப் போட்டார்கள். 1983 நவம்பரில் அது 524.811-ல் நின்றது. சரியாகக் கணக்கிட்டபோது 1098.892. வெட்டிப் போட்ட தூசியிலேயே பாதிச் சந்தை காணாமல் போயிருந்தது.

* * *

2017 ரெகுலேஷன் லேபில் இன்னொரு ரத்தினம் உண்டு. பேக்கேஜ் பற்றிய பயிற்சி. கரன்சி கன்வெர்ட்டர் (டாலர், யூரோ, யென்னிலிருந்து ரூபாய்க்கும், திரும்பவும்), தூரக் கன்வெர்ட்டர் (மீட்டர், மைல், கிலோமீட்டர்), நேரக் கன்வெர்ட்டர் (மணி, நிமிடம், வினாடி). மூன்றும் ஒரே பயிற்சியில்!

இந்த ஒரு வரிசையில்தான் மொத்த நோயும் இருக்கிறது என்பேன். கிலோமீட்டருக்கு ஆயிரம் மீட்டர், நேற்றும் இன்றும் நாளையும் ஆயிரம்தான். டாலருக்கு எத்தனை ரூபாய்? என்றைக்கு என்று கேட்க வேண்டாமா? வாங்கும் விலையா, விற்கும் விலையா என்று கேட்க வேண்டாமா? மீட்டரை மைலாக்கித் திரும்ப மீட்டராக்கினால் அதே தூரம். ரூபாயை டாலராக்கித் திரும்ப ரூபாயாக்கினால் அதே பணம் வராது என்பது மணி எக்ஸ்சேஞ்ச் கடைக்கு ஒருமுறை போனவருக்கே தெரியும். பணத்தையும் தூரத்தையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தால், பணமும் வெறும் நம்பர்தான் என்று பதினெட்டு வயசுப் பையன் மனதில் பதிந்துவிடும். பதிந்துதான் இருக்கிறது.

இத்தனைக்கும் நம்ம ஊர் என்ன ஊர்? இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் தயாரிக்கும் ஹூண்டாய். அது கொரியா. ஒரகடத்தில் டைம்லர் லாரி, அது ஜெர்மனி. அங்கேயே 2010-ல் ரெனோவும் நிசானும் சேர்ந்து தொடங்கிய ஆலை, அது பிரான்சும் ஜப்பானும். வல்லம் வடகாலில் யமஹா, அதுவும் ஜப்பான். காலேஜ் பஸ் போகிற ஒரே ரோட்டில் வான், யூரோ, யென் மூன்றும் வந்துவிடுகின்றன. யென்னுக்கும் வானுக்கும் புள்ளிக்குப் பின்னால் இலக்கமே கிடையாது. 1500.50 யென் என்று பில் போட்டால் ஜப்பான்காரர் சிரிப்பார். குவைத் தினாருக்கோ மூன்று இலக்கம், ஆயிரம் ஃபில்ஸ். நாம் என்ன செய்கிறோம்? எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு இலக்கம். ஜாவாவில் 2002-லேயே கரன்சி என்று ஒரு கிளாஸ் வந்துவிட்டது. எந்த நாட்டுப் பணத்துக்கு எத்தனை தசமம் என்று கேட்டால் சொல்லும். நம்ம லேப் மேனுவலுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

* * *

அடுத்து ஃபார்மேட்டிங். அக்காவின் சீட்டைக் கெடுத்தது இதுதான், அதனால் இதற்குத் தனி மண்டகப்படி.

பலருக்கும் தெரியாத ஒரு விஷயம்: ஃபார்மேட் பண்ணுவது வெறும் மேக்கப் இல்லை, அது சத்தமில்லாமல் ரவுண்டிங்கும் செய்கிறது. அதுவும் ஆளுக்கொரு விதமாக! டெசிமல்ஃபார்மேட்டின் இயல்பு, சரிபாதி வந்தால் பக்கத்தில் இருக்கும் இரட்டைப்படை எண்ணுக்குப் போவது. அதனால் 1,252.50 அங்கே 1,252. அதே எண்ணை பிரின்ட்எஃப்-இடம் கொடுத்தால் சரிபாதியை மேலே ஏற்றும், 1,253. ஒரே ஜாவா, ஒரே எண், இரண்டு விடை. பி.எஃப். விதி கேட்பது இரண்டாவதை. இதைத் தெரிந்து தேர்ந்தெடுத்தவர்கள் எத்தனை பேர்? கூகிளில் முதலில் வந்த பதிலைக் காப்பி அடித்தவர்கள் எத்தனை பேர்? (நானும் அடித்திருக்கிறேன், ஹி ஹி.)

காற்புள்ளி விஷயம் இன்னொரு சோகம். நாம் லட்சம், கோடி என்று எழுதுகிறவர்கள். 12,34,567 என்று போடணும். டெசிமல்ஃபார்மேட்டுக்கு ஒரே ஒரு இடைவெளிதான் தெரியும். நீங்கள் எத்தனை காற்புள்ளி வைத்து பேட்டர்ன் கொடுத்தாலும் கடைசியை மட்டும் எடுத்துக்கொள்ளும், 1,234,567 என்றுதான் காட்டும். இதை அவர்களே ஆவணத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். டாட்நெட்டில் மூன்று, பிறகு இரண்டிரண்டு என்று வரிசையாகவே சொல்லலாம். ஜாவாஸ்கிரிப்டில் இந்திய லொக்கேலைக் கொடுத்தால் போதும். ஜாவாவில் ஐ.சி.யு. லைப்ரரியைக் கொண்டுவரணும். இது தெரியாமல் நம்ம ஆட்கள் ஸ்ட்ரிங்கை வெட்டி ஒட்டிக் காற்புள்ளி சொருகுகிறார்கள். சரி, சொருகட்டும். கொடுமை அடுத்தது: சொருகிய அந்த ஸ்ட்ரிங்கையே டேட்டாபேஸில் போட்டுவிட்டு, அடுத்த மாசம் அதிலிருந்து காற்புள்ளியைப் பிடுங்கி மறுபடி டபுளாக்குகிறார்கள். ரூம் போட்டு யோசிப்பாங்களோ?

குறியீட்டுச் சண்டையும் இதே ரகம்தான். 2010 ஜூலை 15-ல் மத்திய அமைச்சரவை ₹ குறியை ஏற்றது. வடிவமைத்தவர் நம்ம தமிழ்நாட்டுக்காரர் டி. உதயகுமார். 2025 மார்ச்சில் தமிழக பட்ஜெட் இலச்சினையில் அதற்குப் பதில் 'ரூ' போட்டார்கள். நாடே இரண்டு பட்டது. யூனிகோடில் ௹ என்று தமிழுக்கே தனிக் குறியும் இருக்கிறது. அரசியல் எப்படியோ போகட்டும், ப்ரோகிராமருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ₹ போட்டாலும், ரூ போட்டாலும், ௹ போட்டாலும் உள்ளே இருக்கிற தொகை ஒரு பைசாகூட அசையக் கூடாது. காட்டுவது வேறு, வைத்திருப்பது வேறு. அசைகிறது என்றால் உங்கள் கோடில் ஓட்டை.

* * *

திட்டியது போதும், என்னதான் செய்யணும் என்கிறீர்களா? ஆப்ஜெக்ட் ஓரியன்டட் என்று பெயர் வைத்த பாடத்தில், ஆப்ஜெக்ட் ஆக வேண்டிய முதல் பொருளையே விட்டுவிட்டோம். எம்ப்ளாயீ ஒரு கிளாஸ், ப்ரொஃபசர் ஒரு கிளாஸ். பணம்? அது மட்டும் அநாதையாக ஒரு டபுள்!

பணம் என்று ஒரு கிளாஸ் எழுதுங்கள். இது என் கண்டுபிடிப்பு இல்லை. மார்ட்டின் ஃபௌலர் 2002-ல் எழுதிய 'பேட்டர்ன்ஸ் ஆஃப் என்டர்பிரைஸ் அப்ளிகேஷன் ஆர்க்கிடெக்சர்' புத்தகத்திலேயே 'மணி' என்று ஒரு பேட்டர்ன் இருக்கிறது. ஜாவா உலகத்தில் ஜே.எஸ்.ஆர். 354 என்று இதற்கான வரையறை 2015-ல் இறுதியானது. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் இந்த ஐந்து மட்டும்:

ஒன்று. தொகையும் கரன்சியும் சேர்ந்தே இருக்கணும். தொகையைப் பைசாவாக முழு எண்ணில் வையுங்கள், அல்லது பிக்டெசிமலில். பிக்டெசிமலுக்கு 0.1 என்று டபுளைக் கொடுத்தால் 0.1000000000000000055 என்று தொடங்கி நீளமாக வால் முளைக்கும். ஸ்ட்ரிங்காகக் கொடுங்கள்.

இரண்டு. ரூபாயோடு யென்னைக் கூட்டச் சொன்னால் அந்த ஆப்ஜெக்ட் முடியாது என்று எர்ரர் வீசணும். கன்வெர்ட் பண்ணணும் என்றால் விகிதமும் தேதியும் கொடுத்தாகணும்.

மூன்று. ஒருமுறை உருவான தொகை மாறக் கூடாது. கூட்டினால் புதிய ஆப்ஜெக்ட். நூறு ரூபாய் நோட்டு உங்கள் பையில் இருக்கும்போதே தொண்ணூறு ஆவதில்லை இல்லையா?

நாலு. ரவுண்டிங்குக்குப் பெயர் வையுங்கள். சும்மா 'ரவுண்ட்' என்று ஒரே மெத்தட் வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் கூப்பிடாதீர்கள். பி.எஃப். விதி ஒன்று, இ.எஸ்.ஐ. விதி இன்னொன்று. 2017 ஜி.எஸ்.டி. சட்டத்தின் 170-ஆம் பிரிவு கிட்டத்து ரூபாய் என்கிறது. 1961 வருமான வரிச் சட்டத்தின் 288பி பிரிவு கிட்டத்துப் பத்து ரூபாய் என்றது. ஒவ்வொன்றும் ஒரு மெத்தட், ஒரே இடத்தில். 2025 நவம்பர் 21-ல் நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்தன. சட்டம் மாறும்போது நாற்பது இடத்தில் தேடிக்கொண்டு இருக்காதீர்கள்.

ஐந்து. பங்கு பிரித்தால் மிச்சத்துக்குக் கணக்கு சொல்லணும். இதற்கும் பி.எஃப். உதாரணமே போதும். 2014 செப்டம்பரில் வைத்த 15,000 ரூபாய் உச்சவரம்பை எடுத்துக்கொள்வோம். முதலாளி பங்கு 12 சதவீதம், 1,800. அதில் 8.33 சதவீதம் பென்ஷனுக்கு, 1,249.50, அதாவது 1,250. மீதி 3.67 சதவீதம் பி.எஃப்.க்கு, 550.50, அதாவது 551. கூட்டினால் 1,801! இல்லாத ரூபாய் ஒன்று பிறந்துவிட்டது. சரியான வழி, பென்ஷன் பங்கை முதலில் எடுத்துவிட்டு மிச்சத்தை அப்படியே பி.எஃப்.க்கு விடுவது: 1,250, 550. பணத்தில் இரண்டு பங்கும் சேர்ந்தால் முழுசு வரணும். அந்த ஒரு ரூபாய் யார் பக்கம் விழணும் என்பதை ப்ரோகிராமர் தற்செயலாக முடிவு செய்யக் கூடாது. விதி முடிவு செய்யணும், அது கோடில் கண்ணுக்குத் தெரியணும்.

* * *

எதிர்ப்புகளுக்கும் வருகிறேன். "டபுள் வேகமானது." ஆமாம். மூவாயிரம் பேர் சம்பளத்தை மாசம் ஒருமுறை போடுவதில் எத்தனை மில்லிசெகண்டை மிச்சம் பிடித்து என்ன செய்யப்போகிறீர்கள்? டபுள் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. பெயின்ட் ஷாப் வெப்பநிலைக்கும், போல்ட் முறுக்குகிற விசைக்கும் டபுள்தான் சரி. ஏனென்றால் அவை அளந்த எண்கள், அளப்பதிலேயே கொஞ்சம் பிசகு இருக்கும். சம்பளம் அளந்த எண் இல்லை. அது எண்ணிக் கொடுக்கிறது.

"லேப் கணக்குதானே, வேலைக்குப் போனால் கற்றுக்கொள்வார்கள்." அக்காவின் சீட்டைப் போட்டவரும் வேலைக்குப் போனவர்தான். ஆணி பிடுங்குகிற அவசரத்தில், கை பழகியதைத்தான் எழுதும்.

"இருபத்தைந்து பைசாவே 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போச்சு, பைசாவுக்கு எதுக்குக் கவலை?" நாணயம் போனது, பைசா போகவில்லை. 10,437.50 என்று வங்கிக் கணக்கில் இன்றும் ஏறுகிறது.

எங்க லேபிலும் சும்மா இருக்கவில்லை. அந்த பே ஸ்லிப் பயிற்சியை டபுள் இல்லாமல், பணம் என்று தனி கிளாஸ் வைத்து எழுதிக்கொண்டு போனேன். "மேனுவல்ல இருக்கிற மாதிரி அவுட்புட் வரலையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எது சரி என்று கேட்கவில்லை, எது மேனுவல் மாதிரி என்று கேட்டார்கள். மறுபடி டபுளில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அக்காவுக்கு ஒரு வெள்ளைத் தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அடிப்படை இவ்வளவு, பி.எஃப். 1,253, இ.எஸ்.ஐ. 110, கைக்கு 13,207.25. வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாங்க: "அப்போ எனக்குச் சேர வேண்டியது இன்னும் குறைச்சல்தானா? சரி, பரவாயில்ல. இது கூட்டினா வருது."

ஏஜென்சியில் போய்க் கேட்டிருக்காங்க. "சிஸ்டம்ல அப்படித்தான்மா வரும்" என்று பதில்.

மக்களே, அந்த சிஸ்டம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. இன்னும் இரண்டு வருஷத்தில் அதை எழுதப்போவது நாமதான். அடுத்த லேபில் 'டபுள் சேலரி' என்று டைப் பண்ண கை போகும்போது, சீட்டை மேலிருந்து கீழே கூட்டிப் பார்க்கிற ஒரு அக்காவை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் வரணும். நான் கேட்பது அவ்வளவுதான்.